எந்தப் பக்க ஜன்னல்

பிரித்தானியாவில் நீண்ட விடுமுறைக்குப் போனால் ரெயிலில் சுற்றுவது நல்லதா, காரில் சுற்றுவது நல்லதா? திரும்பி வந்த நாளிலிருந்து எங்கள் ஊரான கொக்குவிலில் நாலைந்து பேர் என்னை இந்தக் கேள்வி கேட்டுவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு பிள்ளையாவது அங்கே இருக்கிறது. என்றோ ஒருநாள் போவோம் என்ற நினைப்பும் இருக்கிறது. நான் படவரைஞர். அலுவலகத்தில் வடிகாலுக்கும் மதகுக்கும் படம் கீறுகிறவள். எந்தக் கேள்வி வந்தாலும் ஒரு தாளில் கோடு போட்டு நிரல் பிரித்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். இந்தக் கேள்விக்கும் லண்டனில் வைத்து அப்படி ஓர் அட்டவணை போட்டேன். அட்டவணை கார் என்றது. நாங்கள் ரெயிலில் போனோம்.

அண்ணை லண்டனில் கணக்கியல் படிக்கிறான். மிச்ச நேரம் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. "ஒருக்கா வந்து பாருங்கோ" என்று இரண்டு வருடமாக எழுதி எழுதி, கடைசியில் பயணச்சீட்டையே அனுப்பிவிட்டான். அப்பா மாட்டையும் வீட்டையும் பார்க்க நின்றுவிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் துணைக்கு நான். நாங்கள் புறப்பட்ட கிழமை கொக்குவிலில் இருந்து ரெயில் ஓடியது. சண்டை நடந்த அந்த நாட்களில் அதுவே பெரிய காரியம்.

லண்டனில் முதல் கிழமை அம்மா எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தா. வாசலில் வைத்துவிட்டுப் போகும் பால் போத்தலை ஒருவரும் எடுப்பதில்லை என்பதை நம்பாமல், இரண்டு நாள் ஜன்னல் சீலைக்குப் பின்னால் காவல் நின்றா. நிலத்தடி ரெயிலின் ஓடும் படியில் சேலைக்கரை அகப்பட்டுவிடும் என்று, பக்கத்தில் இருந்த சாதாரணப் படியில் மூச்சு வாங்க இறங்கினா. காலைச் சாப்பாட்டுப் பாணைத் தொட்டுப் பார்த்து, "பஞ்சு" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னா.

இரண்டாவது கிழமை அண்ணை காரை வெளியே எடுத்தான். பழைய கார்தான், ஆனால் அவன் சொந்த உழைப்பில் வாங்கியது. கடற்கரைக்குப் போவோம் என்றான். அம்மா உடனே நாலு தேசிக்காய் கேட்டா. மூலைக்கடையில் வாங்கி வந்து, ஒவ்வொரு சில்லுக்கும் ஒன்றாக வைத்து, அவன் நசித்துக்கொண்டு போனபின்தான் ஏறினா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

வழியில் ஒரு சுற்றுவட்டத்தில் எந்தக் கிளையில் வெளியேறுவது என்று அண்ணைக்குத் தெரியவில்லை. சுற்றினோம். மறுபடியும் சுற்றினோம். பின்னால் ஒரு லொறி கோர்ன் அடித்தது.

"மூண்டு தரம் சுத்தியாச்சு தம்பி, இனிக் கும்பிட்டுட்டு வெளிக்கிடலாம்" என்றா அம்மா.

அன்று முழுக்க அம்மா கலகலப்பாக இருந்தா. போகும்போதும் வரும்போதும் முன் ஆசனத்தில் நிமிர்ந்து இருந்து, போகிற வருகிற கார் எல்லாவற்றையும் எண்ணினா. தலைச்சுற்று, வாந்தி, ஒன்றும் இல்லை. இதை நான் நன்றாகக் கவனித்து வைத்திருந்தேன்.

அதனால்தான் மூன்று நாள் கழித்து அம்மா சொன்னது எனக்கு விளங்கவில்லை.

ஸ்கொட்லாந்துக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம். நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியில் வரைதல் வகுப்புச் சுவரில் அங்குள்ள ஃபோர்த் பாலத்தின் படம் தொங்கியது. எடின்பரோவுக்குப் பக்கத்தில், கடற்கழியின் மேல், முழுக்க உருக்கினால் கட்டிய ரெயில் பாலம். இரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே கோடு கீறினேன். அண்ணை சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, விரலால் வடக்கே கோடு இழுத்தான்.

"இப்பிடியே நேர போகலாம். நடுவிலை யோர்க்கிலை சின்னம்மா வீட்டை ஒரு இரவு படுத்து எழும்பினால் களைப்பும் தெரியாது."

அம்மா அடுப்பைக் குறைத்தா. "ரெயிலிலை போவம்" என்றா.

"ஏனம்மா? கார் நிக்குது."

"எனக்குக் காரிலை தலைச்சுத்து."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அன்றிரவு நான் அட்டவணை போட்டேன். செலவு, நேரம், மழை, சாப்பாட்டுப் பெட்டி, கழிப்பறை, விரும்பிய இடத்தில் நிற்க முடியுமா என்று ஆறு நிரல். கழிப்பறையில் மட்டும் ரெயில் வென்றது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரியாதையாக முழுவதையும் பார்த்தா. கடைசி நிரலில் விரலை வைத்தா. "உதுதான் பிள்ளை" என்றுவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. சொந்தக்காரர் இருக்கும் ஊரால் சொந்த வாகனத்தில் போகிறவர், வாசலில் நிறுத்தி ஒரு வாய் தண்ணியாவது குடிக்காமல் போகக்கூடாது. போனால் அது வேண்டுமென்றே செய்தது. ஒரு கிழமைக்குள் லண்டன் முழுக்கக் கதை வந்துவிடும். ரெயிலில் போகிறவருக்கு அந்தக் கடமை இல்லை. ரெயில் அவர் சொல்லி நிற்பதில்லை. ரெயிலில் போனால், சின்னம்மாவை அவமதிக்காமலும் சின்னம்மாவைப் பார்க்காமலும் யோர்க்கைக் கடந்துவிடலாம்.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. கிளி என்று வீட்டில் கூப்பிடுவார்கள். யோர்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. ஆறு வருடமாக இருவருக்கும் கதை இல்லை. அம்மாவின் தகப்பனை நாங்கள் எல்லாரும் அப்பு என்போம். எண்பத்துமூன்றில் கொழும்பு எரிந்த மாதத்துக்கு அடுத்த மாதம், சுன்னாகத்து வீட்டில் அப்பு படுக்கையில் விழுந்தார். சின்னம்மாவுக்குத் தந்தி போனது. அவ வரவில்லை. அந்த மாதம் யார்தான் வந்திருக்க முடியும்? கட்டுநாயக்காவில் விமானத்தால் இறங்கினாலும் வடக்கே வர வழி இல்லை. இது எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சின்னம்மாவின் கடிதங்களுக்குப் பதில் போடாமல் விட்டா. பிறகு கடிதமும் நின்றது.

நான் சிறுமியாக இருந்தபோது இது வேறு மாதிரி. சின்னம்மா அப்போது கொழும்பில் தாதிப் பயிற்சி. விடுமுறைக்குச் சுன்னாகம் வந்து, திரும்பும்போது அங்கேயே இரவு ரெயில் ஏறுவா. சுன்னாகத்துக்குச் சில நிலையம் தள்ளித்தான் கொக்குவில். சுன்னாகத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் ஏறியிருப்பா. ஆனாலும் கொக்குவில் ஸ்டேசனில் அம்மா பார்சலோடு நிற்பா. வாழையிலையில் புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், முட்டை. ரெயில் மூச்சு விடும் நேரம்தான் நிற்கும். "அக்கா!" என்று ஒரு ஜன்னலில் இருந்து கை நீளும். அம்மா ஓடுவா. எந்தப் பக்க ஜன்னலில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருப்பா.

இரண்டு நாள் யோசித்தேன். சின்னம்மாவை வரச் சொல்வோமா என்று அண்ணையிடம் கேட்டால் அவன் அம்மாவிடம் நேரே கேட்டுவிடுவான். அவனுக்குப் பொறுமை இல்லை. அவன் சுவரில் எழுதி வைத்திருந்த சின்னம்மாவின் தொலைபேசி இலக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு, பால் வாங்கும் சாட்டில் தெருமூலைச் சிவப்புத் தொலைபேசிப் பெட்டிக்குள் போனேன்.

"சின்னம்மா, நான் நிம்மி. கொக்குவில் நிம்மி."

"எங்கையிருந்து கதைக்கிறாய்? அக்காவுக்கு என்ன?"

"அம்மா சுகம். இஞ்சை லண்டனிலை நிக்கிறா." வெள்ளிக்கிழமை காலை ரெயிலையும், அது யோர்க்கில் நிற்கும் நேரத்தையும், பெட்டி எழுத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியாது" என்றும் சொன்னேன்.

 நான் இன்னொரு காசு போட்டேன். அவ அழுகிறாவோ, கோபப்படுகிறாவோ என்று காதை அழுத்திக்கொண்டு நின்றேன்.

"எந்தப் பக்க ஜன்னல்?" என்று கேட்டா சின்னம்மா.

வெள்ளிக்கிழமை காலை அண்ணை எங்களைக் கிங்ஸ் குரொஸ் ஸ்டேசனில் இறக்கிவிட்டான். காருக்காக எடுத்த லீவை அவன் திருப்பிக் கொடுத்திருந்தான். முகம் நீண்டிருந்தது. "உங்கடை தலைச்சுத்தைக் கவனமாக் கொண்டு போங்கோ அம்மா" என்று சொல்லித்தான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான்.

மேடையில் நின்ற ரெயில்வே ஊழியரிடம், யோர்க்கில் மேடை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டேன். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். இத்தனை வருடத்தில் இதை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். கண்ணை மூடிக்கொண்டு, ரெயில் ஓட்டுகிறவர் போல இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மனதுக்குள் யோர்க் வரை போய்ப் பார்த்து, "இடப் பக்கம்" என்றார்.

எங்கள் ஆசனங்கள் வலப் பக்கம். இடப் பக்க ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி குறுக்கெழுத்துப் போட்டியோடு தனியே இருந்தா. இடம் மாற முடியுமா, வலப் பக்கம் அம்மாவுக்கு வெயில் அடிக்கும் என்றேன். வெயிலை விட்டுக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்களா என்று அவ சந்தோசமாக எழும்பி மாறினா.

"என்னவாம்?" என்றா அம்மா.

"வெயிலம்மா. அதுதான் இந்தப் பக்கம்."

அம்மா வெளியே பார்த்தா. வானம் அலுமினியப் பானை மாதிரி இருந்தது. "லண்டன் வெயிலுக்குப் பயந்து இடம் மாறின முதல் கொக்குவில் ஆக்கள் நாங்கள்தான்" என்றா.

ரெயில் எடுத்தது தெரியவே இல்லை. தட்டுப்படவும் இல்லை, ஆடவும் இல்லை. வடை விற்பவர் இல்லை, கடலைக்காரர் இல்லை. ஒருவரும் "நீங்கள் எவடம்?" என்று கேட்கவில்லை. அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மா பயற்றம் பணியாரத்தை எடுத்து இருக்கைகளுக்கு நடுவே கையை நீட்டிக் கிழவியிடம் கொடுத்தா. அவ முதலில் கையை ஆட்டி மறுத்தா. அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. எங்கள் ஊரில் முதல் மறுப்பு எண்ணிக்கையில் இல்லை என்பது அவவுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. வாங்கிக் கடித்து, இதற்குள் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டா. பயறு, தேங்காய், சர்க்கரை என்றேன். இதற்கு ஒரு கட்டம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று குறுக்கெழுத்தைப் பார்த்தா.

பச்சை வயல், செம்மறி ஆடு, பிறகும் பச்சை வயல். "வேலி எங்கை? கிடுகும் இல்லை, கதியாலும் இல்லை. எங்கடை ஆக்களிட்டை இந்தக் காணியைக் குடுத்தால் எல்லை வழக்குப் பேசியே சீவியம் போயிடும்" என்றா அம்மா. நான் சிரித்தேன். ஆனால் நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கோபித்தால்? எழும்பி மற்றப் பக்கம் போய் இருந்துவிட்டால்? சின்னம்மா அந்த மேடையில் பார்சலோடு நிற்பா. ஆறு வருடக் கோபத்தைக் கடிதத்தில் காட்டுவது வேறு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற முகத்தில் காட்டுவது வேறு. அப்படி நடந்தால் அதற்குப் பிறகு ஒட்டவைக்க ஒன்றும் மிஞ்சாது. அதை நடத்தி வைத்தவள் நானாக இருப்பேன்.

யோர்க் வந்தது. இரும்பு வளைவுகளின் மேல் பெரிய கண்ணாடிக் கூரை, தண்டவாளத்தோடு சேர்ந்து தானும் வளைந்து போனது. வேறு நேரம் என்றால் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். ரெயில் வேகம் குறைந்து, மேடை எங்கள் பக்கம், இடப் பக்கம், மெல்ல மெல்ல வந்தது.

சின்னம்மா தாதி உடுப்பின் மேல் கோட்டுப் போட்டிருந்தா. ரெயிலோடு சேர்ந்து நடந்து வந்தா. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு, நெஞ்சோடு ஒரு பார்சலை அணைத்துக்கொண்டு. தலைமயிரில் பாதி நரைத்துவிட்டது. எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றா.

அம்மா கண்டா.

அதற்குப் பிறகு அம்மா யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவவின் இரண்டு கைகளும் ஜன்னலின் அடிச்சட்டத்துக்குப் போய்விட்டன. எங்கள் ரெயிலில் இரண்டு பக்கப் பிடியையும் அமத்திச் சட்டத்தை மேலே தூக்குவோமே, அந்தப் பிடிகளைத் தேடின. விரல்கள் அங்கும் இங்கும் தடவின. ஒன்றும் அகப்படவில்லை. பூட்டிய கண்ணாடி. "பிள்ளை, இது திறக்குதில்லை! பிள்ளை, ரெயில் வெளிக்கிடப் போகுது!"

"அது திறக்காது, அம்மா" என்று கிழவி ஆங்கிலத்தில் சத்தம் போட்டா. "கதவுக்குப் போங்கள், கதவுக்கு!"

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஆட்கள் இறங்கி முடிந்து, மேடை ஊழியர் கதவை அறைந்து சாத்திவிட்டார். அந்த ரெயிலின் கதவுக் கண்ணாடியைக் கீழே இறக்கலாம். ஏறும்போதே பார்த்து வைத்திருந்தேன். இழுத்து இறக்கினேன். அம்மா பாதி உடம்பை வெளியே விட்டா. சின்னம்மா மேடையில் பத்தடி ஓடி வந்து நின்றா.

இருவரும் பார்த்தார்கள்.

"நரைச்சுப் போனாய்" என்றா அம்மா.

"உங்களுக்கு மட்டும் என்ன கறுப்போ அக்கா?"

"ஒழுங்காச் சாப்பிடுறதில்லை போலை."

"இந்தாங்கோ, பிடியுங்கோ. இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டு முட்டை வைக்கேல்லை."

பார்சல் கை மாறியது. கை விடவில்லை. அலுமினியத் தாளுக்கு மேலே இரண்டு பேருடைய கைகளும் இருந்தன. விசில் ஊதியது.

"நேரத்துக்கு வந்திட்டாய்" என்றா அம்மா.  சின்னம்மா தலையை மட்டும் ஆட்டினா. ரெயில் நகர்ந்தது. சின்னம்மா கொஞ்சத் தூரம் நடந்து வந்து, பிறகு நின்றா.

ஆசனத்துக்குத் திரும்பியதும் அம்மா என்னைப் பார்த்தா. "வெயில், என்ன?" என்றா. 

நியூகாசில் வரை பார்சல் மடியில் சூட்டோடு இருந்தது. அதற்குப் பிறகு பிரித்தா. புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சம்பல். கிழவிக்கும் ஒரு துண்டுத் தாளில் கொஞ்சம் போனது. இந்த முறை அவ மறுக்கவில்லை. அம்மா ஒரு வாய் வைத்து, மெதுவாகச் சாப்பிட்டா.

"உப்புக் காணாது" என்றா. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டா.

ஸ்கொட்லாந்து எல்லையைத் தாண்டும் இடத்தில் ரெயில் கடலோரமாகப் போகிறது. காங்கேசன்துறைக்குப் போகும்போது கடைசியில் கடல் தெரியுமே, அப்படி இல்லை. இங்கே கிழவியின் பக்க ஜன்னலில் கடல் கூடவே ஓடி வந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு கதைத்தா.

"அப்பு கடைசி நாள் கண்ணை முழிச்சு, 'கிளி வந்திட்டாளோ' எண்டு கேட்டவர். நான், 'வந்துகொண்டிருக்கிறாள் அப்பு, கொக்குவில் தாண்டியிட்டாள்' எண்டு சொன்னனான். அவர் அதை நம்பிக்கொண்டுதான் போனவர். சாகிற மனிசனுக்கு என்னைப் பொய் சொல்ல வைச்சிட்டாள் எண்டுதான் எனக்குக் கோபம். வராததுக்கு இல்லை."

"இது சின்னம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எடின்பரோவில் படுக்கையும் காலைச் சாப்பாடும் தரும் ஒரு வீட்டில் தங்கினோம். காலையில் வீட்டுக்காரி ஓட்ஸ் கஞ்சியைச் சீனி போடாமல் உப்புப் போட்டுக் கொண்டு வந்து வைத்தா. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் கஞ்சி. இஞ்சையும் மனிசர் இருக்கினம்" என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னா. நான் "மிக நன்றாக இருக்கிறது" என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

அன்று பின்னேரம் பாலத்தைப் பார்த்தேன். சுவரில் தொங்கிய படத்தில் இருந்த ஒவ்வொரு உருக்குக் குழாயும் அப்படியே இருந்தது. ஆனால் படத்தில் காற்று இல்லை. கரையில் நின்று, ஒரு ரெயில் அதன் மேல் சின்னப் புழுவாக ஊர்ந்து போவதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அம்மா பொறுமையாக ஒரு மர வாங்கில் அமர்ந்திருந்தா. "இதுக்கு எத்தினை ஆணி அடிச்சிருப்பாங்கள்?" என்று ஒருமுறை கேட்டா. பிறகு, தானே தொடங்கினா.

"பிள்ளை, திரும்பிப் போகேக்கை உந்த ரெயில் யோர்க்கிலை எவ்வளவு நேரம் நிக்கும்?"

"வந்த மாதிரித்தான் அம்மா. இரண்டு மூண்டு நிமிசம்."

"அதுக்குள்ளை கிளிக்குச் சொல்லுற கதையே இது?"

அன்றிரவு தங்கிய வீட்டின் நடையில் இருந்த தொலைபேசியில் அண்ணையைப் பிடித்தேன். நாங்கள் யோர்க் வரை ரெயிலில் வந்து இறங்குகிறோம், ஞாயிற்றுக்கிழமை நீ காரோடு சின்னம்மா வீட்டுக்கு வா, அங்கிருந்து எல்லாரும் காரில் போவோம், வழியில் நிற்க வேண்டிய இடமெல்லாம் நிற்போம் என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மாவுக்குக் காரிலை தலைச்சுத்தெல்லோ?"

அம்மா என் கையில் இருந்து வாங்கிக்கொண்டா. எங்கள் ஊரில் தூர இடத்துக்குக் கதைக்கிற மாதிரி, லண்டனுக்கு நேரே கேட்கட்டும் என்று, உரத்துச் சொன்னா:

"தம்பி, வரேக்கை நாலு தேசிக்காய் வாங்கிக்கொண்டு வா."